கழியில் ஒரு தோணி

ஐம்பத்திரண்டாம் வருஷத்து மாசி மாதச் சாயங்காலம். எண்ணூர்க் கழியை ஒட்டிய வாடகைப் பங்களாவின் தாழ்வாரத்தில், பிரம்பு நாற்காலியில் ஜெரினா உட்கார்ந்திருக்கிறாள். விடுமுறைக்கு அண்ணன் கமால் ராயபுரத்திலிருந்து குடும்பத்தோடு அவளையும் அழைத்து வந்திருக்கிறான். மற்றவர்கள் முதல் தோணியில் போய்விட்டார்கள். அவர்களின் சிரிப்பு தண்ணீர்மேல் மிதந்து வருகிறது. ஒன்பது வயதில் வந்த காய்ச்சல் அவள் கால்களை முடக்கிவிட்டது. அதற்கு முந்தைய வருஷம் இதே கழியில், வாப்பாவின் மடியில் உட்கார்ந்து துடுப்புப் போட்டவள் அவள். பின்னாலிருந்து அணைத்த அவருடைய ஈரச் சட்டையின் குளிர்ச்சி இன்னமும் முதுகில் இருக்கிறது.

தோணிக்காரி கன்னியம்மா படியேறி வருகிறாள். "இன்னாம்மா, நீ வர்லியா?"

"பன்னெண்டு படி கீதே. ஆம்பளைங்க மூட்டை மாரி தூக்கினு போறது எனக்கு வாணாம்."

"நானு ஆம்பளையா? முதுவுல ஏறு."

ஜெரினா அவள் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். தோணியில் இறங்கியதும் நீரில் பட்ட மஞ்சள் வெயில் முகத்தில் நெளிகிறது.

"துடுப்ப இப்டி குடு."

"உன்னால ஆவுமா?"

"இருவது வருசமா கையாலதான் நடக்குறேன்."

முதல் தடவை துடுப்புப் போட்டதும் தோணி கோணுகிறது, அடுத்த தடவை நேராகிறது. எதிரே வரும் தோணியில் கமால் பதறி எழுந்து, "ஜெரினா, வாணாம், திரும்பு!" என்று கத்துகிறான். அவள் முக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொள்கிறாள்.

"ஒத்திக்கோண்ணே, வழில நிக்காத!"