வாத்து நடை

அறையில் மூன்றே பேர்: பாலக்கரை அற்புதசாமி, அவரோடு ஆறு வருடமாகப் பேச்சில்லாத தம்பி இஞ்ஞாசி, மனிதர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று ஆராயும் ஸ்ரீரங்கத்து ஜாஹ்னவி. தம்பி வருவார் என்று தெரிந்தேதான் அற்புதசாமி கல்லூரிக்கு வந்திருக்கிறார். ஆனால் முதலில் வாய் திறப்பது மூத்தவருக்கு அழகில்லை. இருவர் கன்னத்திலும் பொட்டளவு வில்லைகள். கன்னம் அசைந்தால் கணினித் திரையில் கோடு எழும். தனியாக வீடியோ பார்த்தபோது அற்புதசாமியின் கோடு அசையவேயில்லை. "சேர்ந்து பாத்தா சிரிப்பு அதிகமாகுதான்னு பாக்கணும் சார்," என்கிறாள் ஜாஹ்னவி. "எங்க வீட்டுல யாரும் சத்தமா சிரிச்சதில்லம்மா," என்கிறார் அற்புதசாமி. மாலை வெயில் ஜன்னல் திரையோரம் கசிகிறது. மின்விசிறி முனகுகிறது. வீடியோவில் ஒரு வாத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவைக் கடக்கிறது. இஞ்ஞாசி அதிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்கிறார்: "அப்பா பூசைக்குப் போறாரு பாருங்கண்ணே." கோடு துள்ளுகிறது. அற்புதசாமியின் தோள்கள் குலுங்குகின்றன. வில்லை ஒன்று கழன்று மடியில் விழுகிறது. அவர் கை தம்பியின் முழங்காலைப் பற்றுகிறது, வீடியோ முடிந்த பிறகும் விடவில்லை. செத்துப்போன அப்பாவை நினைத்து அவர் சிரித்ததாகப் பாலக்கரையில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. அவர் வாத்தைப் பார்த்துத்தான் சிரித்தார்.