நாற்பத்தொன்றாவது ஆப்ஷன்

“இந்த ஆப்ஷன் எதுக்குன்னு கேட்டா, ‘எழுதாம விட்டுடுங்க’ன்னு சொல்றதா தம்பி பதில்?” என்று கேட்டாள் அக்கா.

உம்மணாமூஞ்சி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் புரோகிராமர். அந்தப் பட்டப்பெயரை அவனுக்கு வைத்ததே அக்காதான்.

“நாற்பது ஆப்ஷனுக்கு விளக்கம் குடுத்துட்டேனே அக்கா. இது ஒண்ணு போகட்டும்.”

“எப்படிப் போகும்? புரோகிராம்ல இருக்கு, கையேட்டுல இல்லைன்னா என் தலைதானே உருளும்?”

அவன் முகம் இன்னும் கொஞ்சம் உம்மென்று ஆனது.

அவர்கள் கம்பெனி தயாரிப்பது, கணினியில் எழுதவும் திருத்தவும் உதவும் ஒரு டெக்ஸ்ட் எடிட்டர். அதை ஐகானைச் சொடுக்கியும் திறக்கலாம். கட்டளை கொடுக்கும் கறுப்புத் திரையில் அதன் பெயரை அடித்தும் திறக்கலாம். பெயரோடு ஓர் ஆப்ஷனைச் சேர்த்தால் நேரே நூறாவது வரியில் போய் நிற்கும். வேறொன்றைச் சேர்த்தால் படிக்க மட்டும் விடும், கைவைக்க விடாது. இப்படி நாற்பத்தொன்று. அத்தனைக்கும் அதே எடிட்டரில் கையேடு எழுதுவது அக்காவின் வேலை. ஒவ்வொன்றையும் ஒருமுறை போட்டு, ஒருமுறை போடாமல், தானே ஓட்டிப் பார்த்த பிறகுதான் எழுதுவாள்.

வெள்ளிக்கிழமை கையேடு வெளியே போக வேண்டும். பிழை இருக்கக் கூடாது. போன வருடம் அக்காவுக்கு விரல் நடுக்கம் வந்து, பக்கத்துக்குப் பத்துப் பிழை போயிருந்தது. “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ரிசப்ஷனுக்கு மாத்திடுவேன்” என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

அக்கா அசரவில்லை. ஒரு ரப்பர் பந்து வாங்கினாள். பிசைந்தாள், பிசைந்தாள், அப்படிப் பிசைந்தாள். பிழை அடியோடு நின்றது. அன்றிலிருந்து ஆபீசில் யாருக்கு முதுகு வலித்தாலும் முழங்கால் வலித்தாலும் பந்தை எடுத்து நீட்டுவாள். “மனசு வைக்கணும். என்னைப் பாருங்க.”

“நீ சொல்லாட்டி என்ன, நானே கண்டுபிடிக்கிறேன்” என்று உம்மணாமூஞ்சியிடம் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்கு வந்தாள்.

அந்த ஆப்ஷனுக்குப் பெயர் வெறும் ‘கே’. அதைச் சேர்த்து எடிட்டரைத் திறந்தாள். நாலு வரி அடித்தாள். சேர்க்காமல் திறந்து, அதே நாலு வரி அடித்தாள். இம்மியளவு வித்தியாசம் இல்லை.

நேரே மேனேஜரிடம் போனாள்.

“ஒண்ணுக்கும் உதவாத ஆப்ஷனை உள்ளே வச்சிருக்கான் சார். கேட்டா வாயில கொழுக்கட்டை. வேலை பார்த்த மாதிரி காட்டிக்க எழுதியிருப்பான்.”

“அப்படியா? உங்க மெஷின்ல மட்டும் பார்த்துச் சொல்லாதீங்க. டெஸ்டிங் ரூம்லயும் ஓட்டிப் பாருங்க. அங்கயும் அப்படித்தான்னா தூக்கிடறேன். அவரையும் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கிறேன்.”

டெஸ்டிங் ரூமில் யாரும் இல்லை. அக்கா ஐகானைச் சொடுக்கி எடிட்டரைத் திறந்து, அதே நாலு வரியை அடித்தாள்.

எழுத்துகள் துள்ளின. ஒன்று இரண்டாக வந்தது, இரண்டு மூன்றாக வந்தது. ஒரு சொல்கூட உருப்படியில்லை.

“பாழாப்போன கீபோர்டு” என்று பக்கத்து மேசையிலிருந்து வேறு கீபோர்டை எடுத்து மாட்டினாள். அதிலும் அதே துள்ளல்.

கறுப்புத் திரையில் அழித்து அழித்து அடித்து, ‘கே’யைச் சேர்த்துத் திறந்தாள். நாலு வரியும் பிசிறில்லாமல் வந்தன.

அக்கா கைகளை மேசைமேல் விரித்து வைத்துப் பார்த்தாள். விரல்கள் லேசாக ஆடிக்கொண்டுதான் இருந்தன.

தன் மேசைக்குத் திரும்பி, தன் கணினியைக் குடைந்தாள். அங்கே எடிட்டரை எப்படித் திறந்தாலும் முதலில் ஓடுவது இரண்டே வரியில் ஒரு குட்டிக் கோப்பு. எடிட்டரைத் திற, ‘கே’யையும் சேர்த்துக்கொள். எழுதிய தேதி, மேனேஜர் எச்சரித்ததற்கு மறுநாள்.

“தம்பி” என்று போய் அவன் முன்னால் நின்றாள்.

அவள் முகத்தைப் பார்த்ததுமே உம்மணாமூஞ்சிக்குப் புரிந்துவிட்டது.

“ஒரே விசை கண் இமைக்கிற நேரத்துக்குள்ள ரெண்டு தடவை பட்டா, ஒண்ணாவே எடுத்துக்கும். அவ்வளவுதான் அக்கா.”

“ஒரு வருஷமா பந்தைக் காட்டி எல்லார் உயிரையும் வாங்கினேனே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“நீங்க தெம்பா இருந்தீங்க. அதை ஏன் கெடுக்கணும்? கையேட்டுல வந்தா மேனேஜரும் படிப்பார். யாருக்காகன்னு கேட்பார். அதான் வேண்டாம்னேன்.”

அக்காவின் போன் அடித்தது. மேனேஜர்தான்.

“பார்த்துட்டீங்களா? ஒண்ணும் இல்லைதானே? தூக்கச் சொல்லிடட்டுமா?”

உம்மணாமூஞ்சி வேண்டாம், சொல்லாதீர்கள் என்று கையாட்டினான். அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

“கை நடுங்குறவ உலகத்துல நான் ஒருத்திதானா தம்பி? எழுதித்தான் ஆகணும்.”

பிறகு கையை எடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

“அதைத் தூக்குறதா இருந்தா, என்னையும் சேர்த்து ரிசப்ஷனுக்குத் தூக்கிடுங்க சார்.”