கமலாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ்

“‘ஈட் அவுட்’னா வெளிய போய் சாப்பிடறது. வூட்டுச் சாப்பாடு வேணாம்னா அப்படிச் சொல்வாங்க பெரிம்மா” என்று பக்கத்து வீட்டு ரம்யா சொல்லியிருந்தாள். தமிழ் தெரியாத மருமகளோடு பேசவென்று படித்ததில் கமலாவின் மனதில் நின்றது அது ஒன்றுதான்.

கோழிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது, கூடத்தில், பெங்களூருவிலிருந்து வந்திருந்த மருமகள் அங்கிதா கணவன் சரத்குமாரிடம் ஏதோ நீளமாகப் பேசினாள். அதில் ‘ஈட் அவுட்’ மட்டும் கமலாவுக்குப் புரிந்தது.

சரத்குமார் வந்தான். “அம்மா, கள்ளக்குறிச்சி போய் ஓட்டல்ல சாப்பிடலாம். கெளம்பு.”

“நீங்க போய்க்கினு வாங்க. எனக்குத் தலவலி” என்றாள், முகம் கொடுக்காமல்.

அவர்கள் போகவில்லை. கமலாதான் பரிமாறினாள். வழக்கம்போல் கடைசியில், அடுப்படியில் தனியாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் பெங்களூரு போய்ச் சேர்ந்ததும் மகன் போன் செய்தான்.

“ஏம்மா வரலன்னுட்ட? உன் கொழம்புன்னா அவளுக்கு உசுரு. ஆனா வந்ததுலேருந்து எங்களுக்குப் போட்டுட்டு நீ கடைசியாத்தான் சாப்பிட்ட. ஓட்டல்னா வேற ஆளு பரிமாறுவாங்க, அம்மா நம்மகூட உக்காருவாங்கன்னு ஆசப்பட்டா.”



“அவகிட்ட போனக் குடுப்பா.”

“அம்மா...” என்றாள் அங்கிதா.

சொல்ல எவ்வளவோ இருந்தது. கமலாவுக்கு வாயில் வந்தது அது ஒன்றுதான்.

“ஈட் அவுட்... போலாம்மா.”