நாற்பத்தொன்றாவது கேமரா

"குற்றம் ஒன்று," என்று தலைவர் வாசித்தார். "போன வருஷம் மண்டப முதலாளிகளிடம் கூலி உயர்வு கேட்டு மூன்று நாள் கேமராவைக் கீழே வைத்தோம். நாற்பது பேர் வைத்தார்கள். நம் பொருளாளர் மட்டும் இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போய், இடிபட்ட கார்களைப் படம் எடுத்துக் கொடுத்தார்."

புகைப்படக்காரர் சங்கத்தின் ஒற்றை அறையில் கால் வைக்க இடமில்லை.

"குற்றம் இரண்டு. அதற்கடுத்த மாதம் நம் ஒவ்வொருவர் கேமராவையும் கவிழ்த்து, அதன் அடிப்பாகத்தைப் படம் எடுத்தார். எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை."

"என்னோடதை ரெண்டு தடவை எடுத்தார் தலைவரே," என்றார் பாஸ்போர்ட் படம் எடுப்பவர். "முதல் தடவை அது கண்ணை மூடிடுச்சோ என்னவோ."

சிரிப்பு எழுந்து அடங்கியது.

"குற்றம் மூன்று." தலைவர் தீர்மானத் தாளைத் திருப்பினார். "போன வாரம் மாடித் தொட்டி உடைந்து என் ஸ்டூடியோ மூழ்கியது. நீங்களெல்லாம் வாளியோடு ஓடி வந்தீர்கள். இவர் கேமராவோடு வந்தார். ஊறிக் கிடந்த என் பிழைப்பை ஓரமாக நின்று படம் எடுத்துவிட்டுப் போனார். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். இவர் மூழ்குகிற வீட்டிலும் விடவில்லை."

பெஞ்சின் கோடியில் பொருளாளர் உட்கார்ந்திருந்தார். சங்கத்தில் அவருக்கு 'முக்காலி' என்று பேர். வைத்த இடத்தில் நிற்பார், வாயைத் திறக்க மாட்டார்.

தலைவருக்கு 'மின்னல்' என்று பேர். முப்பது வருஷம் கொடி பிடித்த கை. அந்தக் கையில் இப்போது கேமரா இல்லை, தண்ணீரில் போய்விட்டது. ஒப்புக்கொண்ட மூன்று கல்யாணங்களையும் யாருக்காவது விட்டுக்கொடுக்க வேண்டியதுதான். ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத் தருகிறோம் என்று உறுப்பினர்கள் வந்தபோது, "வசூல் பண்ணித்தான் எனக்குப் பழக்கம், வாங்கிப் பழக்கமில்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன் முக்காலி கொண்டுவந்த காப்பீட்டுப் படிவத்தை, இதே அறையில் நான்காகக் கிழித்தவரும் அவர்தான். "வராத ஆபத்துக்கு வரியா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார்.

சங்க விதிப்படி, நீக்கப்படுபவர் பெயரை இரண்டு சாட்சிகள் முன் உரக்க வாசிக்க வேண்டும். பாஸ்போர்ட்காரரும் வீடியோக்காரரும் எழுந்து நின்றார்கள்.

"சங்கத்திலிருந்து நீக்கப்படுபவர்..." என்று தலைவர் தொடங்கும்போது கதவு தட்டப்பட்டது. கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பெண்.

"மன்னிக்கணும். இன்சூரன்ஸ் ஆபீஸ்ல இருந்து வரேன். தண்ணியில போன ஸ்டூடியோ யாரோடது? அங்க பூட்டியிருந்துச்சு, இங்க இருப்பீங்கன்னு சொன்னாங்க."

"என்னோடதுதான். ஆனா நான் இன்சூரன்ஸ் எடுக்கலையேம்மா. ஆள் மாறி வந்துட்டீங்க."

"சங்கத்துக்கே சேர்த்து ஒரு பாலிசி இருக்குங்க. ஒவ்வொரு கேமராவோட அடியில இருக்கிற நம்பரும் போட்டு வாங்கியிருக்கோம். முதல் பேரே உங்க பேர்தான். தண்ணி வடியறதுக்கு முன்னாடி எடுத்த படங்களும் வந்துடுச்சு, அதனாலதான் சீக்கிரம் முடிஞ்சுது. கையெழுத்துப் போட்டீங்கன்னா இந்த வாரமே புதுசு வாங்கிடலாம்."



"பிரீமியம் யார் கட்டறாங்க?" என்றார் தலைவர்.

"உங்க பொருளாளர்தான். போன வருஷத்துல இருந்து கார் படமெல்லாம் அவர்தானே எடுத்துத் தரார். அந்தக் கூலியைக் கையில வாங்கறதே இல்ல. அப்படியே இதுக்குப் போட்டுடறார்."

தலைவர் பெஞ்சின் பக்கம் திரும்பினார். "ஏன்யா சொல்லல?"

"சொன்னா கிழிப்பீங்க," என்றார் முக்காலி.

தலைவர் அந்தப் பெண்ணிடமிருந்து பாலிசியின் பெயர்ப் பட்டியலை வாங்கி விரலை ஓட்டினார். மேலிருந்து கீழே ஒரு முறை. கீழிருந்து மேலே ஒரு முறை.

"உன் பேர் எங்கய்யா?"

"நாற்பது பேருக்குத்தான் இடம் குடுத்தாங்க. நாம நாற்பத்தொன்னு."

"படிவத்தைக் கிழிச்சவன் நான். என்னை விட்டிருக்கலாமே?"

"விட்டா, கிழிச்சதுக்குப் பழி வாங்கின மாதிரி இருக்கும்." முக்காலி சட்டைப் பொத்தானைத் திருகினார். "என் கேமரா பழசு தலைவரே. திருடன் எடுத்துட்டுப் போனாலும் திருப்பிக் கொண்டுவந்து வெச்சுடுவான்."

தலைவர் கையெழுத்துப் போட்டார். பிறகு அந்தப் பெண்ணிடம் கேட்டார்: "இந்தப் பட்டியலை எப்பம்மா மாத்தலாம்?"

"அடுத்த மாசம் புதுப்பிக்கும்போது மாத்தலாங்க."

பாஸ்போர்ட்காரர் மெல்ல இருமினார். "தீர்மானத்தைக் கிழிச்சுடலாமா தலைவரே? உங்களுக்குக் கைவந்த வேலைதானே."

"கூடாது. கையில எடுத்த தீர்மானத்தை நான் கீழே வெச்சதா சரித்திரம் இல்ல. யாராவது ஒருத்தர் நீங்கித்தான் ஆகணும்."

பேனாவை எடுத்தார். மூன்று குற்றங்களையும் வரிசையாக அடித்தார். 'சங்கத்திலிருந்து' என்பதையும் அடித்து, மேலே வேறு எழுதினார். சாட்சிகள் இருவரையும் கிட்டே கூப்பிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருவரை கேட்கும்படி வாசித்தார்:

"அடுத்த மாதம் முதல் காப்பீட்டுப் பட்டியலில் முக்காலி சேர்க்கப்படுகிறார். அவருக்கு இடம்விட்டு நீக்கப்படுபவர் பெயர், மின்னல்."