இன்ஸ்டால் ஆகமாட்டேங்குது

"அம்மா, பூட்டு போட்டிருக்குன்னு வருது. என்ன பண்றதுன்னு அவகிட்ட கேளு!"

முன் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கத்தினான் மகன். நிலம் அளந்து வரைபடம் போட்டுத் தருகிற சர்வேயர். லினக்ஸில் வரைபட சாஃப்ட்வேரின் புது வெர்ஷனைப் போடப்போய், ஓடிக்கொண்டிருந்த பழசும் போயிற்று. சாயங்காலத்துக்குள் படம் அனுப்பாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

"அவள்", அவன் மனைவி, பின் அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். பெரிய கம்பெனி ஒன்றின் சர்வர்களைக் கவனித்துக்கொள்கிறவள். போன வாரம் வந்த நண்பனிடம் அவன், "இவளுக்கென்ன, உக்காந்த இடத்துல கீபோர்டைத் தட்டுற வேலை" என்று சொல்லிச் சிரித்திருந்தான். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. நாளைக் காலை அவள் தன் அம்மா வீட்டுக்குக் கிளம்புகிறாள். எப்போது திரும்புவாள் என்று சொல்லவில்லை.

இரண்டு அறைக்கும் நடுவே அம்மாதான் தூது.

"ஏம்மா, ஏதோ பூட்டாம்."

"வேற ஒரு இன்ஸ்டால் பின்னாடி ஓடிட்டிருக்கும் அத்தை. அது முடியற வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்க."

அம்மா முன் அறைக்குப் போனாள். "உள்ள ஏற்கெனவே வேற ஒருத்தி இருக்காளாம்டா. அவ வெளிய வந்தாத்தான் ஆச்சாம்."

"என்னது?" நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான் அவன். "யாரு? என்னைச் சந்தேகப்படுறாளா?"

"எனக்கென்னடா தெரியும்? சொன்னதைச் சொன்னேன்."

"நான் அப்படியா சொன்னேன்?" என்று பின் அறையிலிருந்து கத்தல் வந்தது.

கொஞ்ச நேரத்தில் பூட்டு தானாகவே விலகியது. அடுத்த சிக்கல் வந்தது.

"அம்மா, டிபெண்டன்சி இல்லன்னு வருது. ஒரு பேக்கேஜ் இல்லாம இன்னொண்ணு ஏறாதாம்."

அம்மா பின் அறைக்குப் போனாள். "நீ இல்லாம அவனுக்கு ஒண்ணுமே ஏறாதாம்மா."

மடித்துக்கொண்டிருந்த புடவை மருமகளின் கையிலேயே நின்றது. "அவரா சொன்னாரு?"

"கம்ப்யூட்டரே சொல்லுதாம்."

மருமகளுக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. வேண்டுமென்றே மூட்டிவிடுகிறாள் என்று நினைத்தாள். 'இந்த அத்தை குறுக்க நிக்காம இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.'

"உடைஞ்சதைச் சரிபண்ணிட்டு, திரும்ப முதல்லேர்ந்து போடச் சொல்லுங்க."

"உடைஞ்சதைச் சரிபண்ணிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்னு சொல்றாடா" என்றாள் அம்மா முன் அறையில்.

அவன் பின் அறைப் பக்கம் எட்டிப் பார்த்தான். "நிஜமாவா?"

"கம்ப்யூட்டரை!" என்று பின் அறை கத்தியது.

சொன்னபடி செய்தான். டவுன்லோடு பாதி வந்து நின்றது. சர்வரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று திரை முழுக்கச் சிவப்பு.

"அம்மா, சர்வரே காணோமாம்!"

அம்மா கதவருகே போய் நின்றாள். "ஏம்மா, உன் சர்வர் காணாமப் போயிடுச்சாம்."

அதற்குமேல் மருமகளால் முடியவில்லை. புடவையைப் பெட்டியில் எறிந்துவிட்டு நேரே முன் அறைக்குப் போனாள். "தள்ளுங்க. நீங்க கொஞ்சம் ஹாலுக்குப் போங்க அத்தை, தயவு செஞ்சு."

அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள்.

மருமகள் பரிசோதித்தாள். "நெட் இருக்கே. நல்லா வருதே. போடுங்க."

அவன் எண்டரைத் தட்டினான். "போட்டாச்சு!"

நெட் போயிற்று.

மறுபடி பரிசோதித்தாள். நெட் இருந்தது.

"போட்டாச்சு!"

போயிற்று.

"என்னங்க இது? சும்மா இருந்தா வருது, இன்ஸ்டால் பண்ணா மட்டும் ஓடிப்போகுது!" டவுன்லோடு செய்யும் சர்வரை மாற்றினாள். பழைய குப்பையை எல்லாம் துடைத்தாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள்.

"போட்டாச்சு!"

போயிற்று.

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு பிரச்சினையைப் பார்த்ததே இல்ல." நாற்காலியை அவன் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். நெற்றியில் வேர்த்திருந்தது.

அவன் திரையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான். "தினமும் இப்படித்தான் மல்லுக்கட்டுறியா?"

"மல்லுக்கட்டுறதுதான் வேலையே. தட்டுறது கடைசியிலதான்."



"அன்னைக்கு ஃப்ரெண்டு முன்னாடி அப்படிச் சொன்னது தப்பு. ரொம்பத் தப்பு" என்றான். "எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. உன் வேலையைப் பத்தி வாயைத் திறந்திருக்கக் கூடாது."

அவள் அவன் கையை எடுத்து எண்டர் மேல் வைத்தாள். "மெதுவாத் தட்டுங்க. அடிக்கிற அடியிலதான் பயந்து ஓடுதோ என்னமோ."

அவன் குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல் தட்டினான். "போட்டாச்சு…"

போயிற்று. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு பீறிட்டது. அப்புறம் அவனுக்கும்.

ஹாலில் அம்மா செல்போனைக் காதோடு ஒட்டி வைத்து, மருமகளின் அம்மாவிடம் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள்.

"பக்கத்துல பக்கத்துல உக்காந்தாச்சு சம்பந்தி! அவன் 'போட்டாச்சு'ன்னு கத்தும்போதெல்லாம் நீங்க சொன்ன மாதிரியே நெட் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினேன்… படம் அனுப்பணும்ல, நிறுத்திடுறேன்… ஆனா இப்பத்தான் சிரிக்க ஆரம்பிச்சிருக்காங்க, இன்னும் ஒரே ஒரு தடவை பிடுங்கிக்கட்டுமா?"