அரை இஞ்ச்

கோமளா எதை உடுத்தினாலும் அழகாக இருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்தே அவளுக்குத் தோழியான தையல்காரி சுகந்திக்கு அது பொறுக்கவில்லை. அவளுக்குத் தைக்கும் ஜாக்கெட்டுகளை எல்லாம், கொடுத்த அளவு ஜாக்கெட்டைவிட அரை இஞ்ச் குறைத்தே தைத்தாள். கொக்கி மாட்ட முடியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு கோமளா வந்து நிற்பாள். "அளவு சரிதான்டி. நீதான் பெருத்துட்ட" என்பாள் சுகந்தி. பாவம், அதை நம்பி ராத்திரிச் சோற்றையே விட்டுவிட்டாள் கோமளா. பிறகு கிடுகிடுவென்று இளைக்கத் தொடங்கியதும், பட்டினிக்குப் பலன் என்று பூரித்துப்போனாளே தவிர, டாக்டரிடம் போகவில்லை. போனபோது வியாதி முற்றியிருந்தது.

நேற்று அவள் மொட்டைத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தாள். ஒருநாளும் போட முடியாமல் பெட்டியில் கிடந்த பச்சை ஜாக்கெட்டைப் போட்டிருந்தாள். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

"பாத்தியாடி? இப்பதான் நீ தச்சது எனக்குச் சரியா இருக்கு. இனிமே இதையே அளவுக்கு வெச்சுக்க."

சுகந்தி முதுகுப் பக்கம் விரலை விட்டுப் பார்த்தாள். நான்கு விரலும் தாராளமாக உள்ளே போயின. கையை வெளியே எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"அளவு சரிதான்டி" என்றாள்.