நான்காவது ஆட்டம்

கால்பந்து ஆடும் பெண்களுக்குக் கல்லூரிகள் இப்போதெல்லாம் அழைப்புக் கடிதம் அனுப்புவதில்லை. அங்கே சேர்ந்தால் படிப்பு முடியும்போது ஆடப்போகும் கடைசி ஆட்டத்தையே வீடியோவாக அனுப்பிவிடுகின்றன. வியாசர்பாடி நிரோஷாவுக்கு நான்கு வந்திருந்தன. மூன்றில் கோல் போட்டு, தனியாளாகக் கோப்பையைத் தூக்கினாள். அம்மா செல்வி விசிலடித்துத் தீர்த்தாள்.

நான்காவதில் நிரோஷா பெனால்டியைக் கோட்டைவிட்டாள்.

“இன்னாடி, வானத்துல அடிச்சிட்ட! இது வாணாம், நிறுத்து.”

“இரும்மா!”

திரையில் முகத்தைப் பொத்தி உட்கார்ந்த நிரோஷாவிடம் பத்துப் பெண்களும் ஓடிவந்தார்கள். கோல்கீப்பர் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டாள்.

“அம்மா, இதான் என் காலேஜ்!” நிரோஷா குதித்தாள்.

“தோக்கறதுக்கா போற?”

“பெனால்டி பழக நாலு வருசம் கீதும்மா. இவளுங்கள எங்க போயி தேடுவேன்?”

செல்வி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தெருவில் இரண்டு குடங்களுக்கு நடுவே போய் நின்றாள்.

“அடி, பாக்கலாம்!”